குழாயடியில் எழுதிய பட்டியல்

கொல்கத்தாவில் பஸ்தி எனப்படும் எளியவர் குடியிருப்பில் வேலை செய்ய வரும் இளம் பணியாளர்கள் முதல் நாளே கேட்பது, "இங்கே தலைவர் யார்?" என்பதைத்தான். கேட்டால் விடையும் உடனே கிடைத்துவிடும். சந்து முனையில் இருக்கும் கிளப்பைக் கை காட்டுவார்கள். சுவரில் நேதாஜி படம், நடுவில் கேரம் பலகை, மேசைமேல் காளி பூஜை வசூலின் ரசீதுப் புத்தகம், கவுன்சிலரின் தொலைபேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு தாதா. அவருக்கு வணக்கம் சொல்லாமல் அங்கே எதுவும் நடக்காது, சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள் என்பேன். விடியற்காலையில் மாநகராட்சித் தண்ணீர் திறக்கும் நேரத்துக்குக் குழாயடியில் போய் நில்லுங்கள். அங்கே எல்லோரும் மாஷி என்று அழைக்கும் வயதான பெண் ஒருவர் இருப்பார். எந்த வாளி யாருடையது, எந்த வீட்டில் காய்ச்சல், யார் ஆறரைக்குள் அடுக்குமாடிக்குப் பாத்திரம் தேய்க்கப் போயாக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வாளியை முன்னே நகர்த்தினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அவர் மனத்தில் இருக்கும் அந்தப் பட்டியல் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதைக் காகிதத்தில் ஏற்றுவதும், ஏற்றியதை அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைப்பதும்தான் நான் இத்தனை காலம் செய்துவந்த தொழில்.

தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்சுக்கு நான் வெளியாள் அல்ல, பஸ்திக்குத்தான் வெளியாள். என் தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ வேலைக்குக் கும்பகோணத்திலிருந்து வந்தவர். அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் ராஷ் பிஹாரி அவென்யூவிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் தங்களுக்கென்று ஒரு சிற்றூரையே அமைத்துக்கொண்டார்கள். வாழையிலையும் மல்லிகைச் சரமும் புதிதாக அரைத்த காப்பிப் பொடியும் கிடைக்கிற சந்தை, கோமள விலாஸ் சாப்பாடு, ரசிக ரஞ்சன சபா கச்சேரி, பாரதி தமிழ்ச் சங்கம், நேஷனல் ஹைஸ்கூல் எல்லாம் அந்தச் சிற்றூரின் பகுதிகள். 1960-களின் இறுதியிலிருந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஊரை விட்டுக் கிளம்பின. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் தாண்டியும் போனார்கள். பழைய சந்தை இருந்த இடத்தில் இப்போது லேக் மால் நிற்கிறது. எங்களை யாரும் துரத்தவில்லை. படிப்பும் போக்கிடமும் இருந்ததால் போனோம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே, போக்கிடம் இல்லாதவர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை; நிலம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

பாலிகஞ்ச் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தோட்டம் வைத்த பெரிய வீடுகளும் கடியாஹாட் புடவைக் கடைகளும் நினைவுக்கு வரும். அந்த வீடுகள் எழும்போதே பஸ்திகளும் கூடவே எழுந்தன. 1912-இல் தொடங்கிய கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் நகரின் தெற்கே சாலைகளை அகலமாகப் போட்டது. 1920-களில் டாகுரியா ஏரியை வெட்டியது. புது மனைகளில் குடியேறியவர்களுக்குச் சமையல்காரர் வேண்டும், வண்ணார் வேண்டும், காரோட்டி வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும். ஒடிசாவிலிருந்து சமையல்காரர்களும் பிளம்பர்களும் வந்தார்கள். பீகாரிலிருந்து சலவைக்காரர்களும் ரிக்ஷா இழுப்பவர்களும் வந்தார்கள். சுந்தரவனத்து ஓரக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். பெரிய வீட்டின் பின்மதிலுக்கு அப்பால், ஓடு வேய்ந்த கூரைகளின் கீழே, பத்தடிக்குப் பத்தடி அறைகளில் இவர்கள் குடும்பம் நடத்தினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் இருந்த சுமார் 45 லட்சம் பேரில் ஏறக்குறைய 14 லட்சம் பேர் இப்படிப்பட்ட இடங்களில் இருந்தார்கள். மூன்றில் ஒருவர் என்று சொல்லலாம்.

கொல்கத்தா பஸ்தியை மற்ற ஊர்க் குடிசைப்பகுதியைப் போல நினைத்தால் எதுவும் புரியாது. இது புறம்போக்கில் போட்ட குடிசை அல்ல. இங்கே சட்டப்படியான மூன்று அடுக்குகள் இருந்தன. நிலம் ஜமீன்தாருடையது. அதைக் குத்தகைக்கு எடுத்துக் குடிசை கட்டியவர் டிக்கா குத்தகைதாரர். அந்தக் குடிசையில் ஓர் அறையை மாத வாடகைக்கு எடுத்தவர் பாடாட்டியா, அதாவது குடித்தனக்காரர். மேலே இருந்தவருக்கு நிலம் சொந்தம், கூரை சொந்தமில்லை. நடுவில் இருந்தவருக்குக் கூரை சொந்தம், நிலம் சொந்தமில்லை. கீழே இருந்தவருக்கு இரண்டுமே இல்லை. 1949-இல் வந்த டிக்கா குத்தகைச் சட்டம் நடு அடுக்குக்கு ஓரளவு பாதுகாப்புக் கொடுத்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்தாரை நீக்கிவிட்டு நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளச் செய்தது. 2001-இல் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏறியது டிக்கா குத்தகைதாரரின் பெயர். பஸ்தியில் குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் குடித்தனக்காரர்கள். சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் ஒருவருடைய வாடகைக்காரர்கள், அவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது பஸ்தி மேம்பாட்டுத் திட்டம் எங்கள் பகுதியில் ஏற்கெனவே வந்து போயிருந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. காலராவால் பெயர் கெட்டிருந்த நகரம் இது. 1961-இல் அமைந்த பெருநகரத் திட்ட அமைப்பு 1966-இல் தன் அடிப்படை வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டது. பஸ்திகளை இடித்து மாற்று வீடு கட்ட அரசிடம் பணம் இல்லை. இருக்கும் இடத்திலேயே தண்ணீர், கழிப்பறை, வடிகால், நடைபாதை, விளக்கு என்று கொடுத்துச் சீர் செய்வதே வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். 1970-இல் உருவான பெருநகர வளர்ச்சி ஆணையம் அதை நடத்தியது. நூறு பேருக்கு ஒரு குழாய், 25 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது கணக்கு. மலத்தைக் கையால் அள்ளும் பழைய எடுப்புக் கக்கூஸ்கள் போயின. சந்துக்குச் சிமெண்டுப் பாதை வந்தது. பல லட்சம் பேரின் உடல்நலம் அதனால் தேறியது. இந்தியாவின் வேறு நகரங்கள் புல்டோசரை நம்பிய காலத்தில் கொல்கத்தா செய்த இந்தக் காரியம் சாதாரணமானதல்ல.

இந்த வழியை நம் ஊரில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்காட்லாந்துக்காரரான நகரத் திட்ட வல்லுநர் பேட்ரிக் கெடஸ் 1914-15-இல் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நேர்கோட்டில் சாலைகள் வெட்டி நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்க அதிகாரிகள் போட்டிருந்த திட்டத்தைப் பார்த்துவிட்டு, சந்துசந்தாக நடந்து, பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும், காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், செலவும் மிகக் குறையும் என்று வரைந்து காட்டினார். பிறகு கல்கத்தா வந்து 1919-இல் பரா பஜாரைப் பற்றி அறிக்கை எழுதினார். எனக்குக் கெடஸின் படிப்பைவிட அவருடைய நடை பெரிது. அவர் வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவர். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை நான் இன்றும் வரைபடம் இல்லாமல்தான் சந்துக்குள் அனுப்புகிறேன்.

ஆனால் மேம்பாட்டின் மறுபக்கத்தையும் கண்ணால் பார்த்தேன். கழிப்பறை வந்த பிறகு அறைக்கு வாடகை ஏறும். நடைபாதை வந்த பிறகு புதுக் குடித்தனத்துக்குச் செலாமி ஏறும். செலாமி என்பது அறைக்குள் நுழைய முன்பணமாகக் கொடுக்கும் தொகை, திரும்பி வராது. பழைய குடித்தனக்காரர் அடுத்த வாடகை ஏற்றத்தைத் தாங்க முடியாமல் ரயில் பாதை ஓரத்துக்கோ கால்வாய்க் கரைக்கோ போய்விடுவார். அவர் அறைக்கு வருபவர் கொஞ்சம் வசதி கூடியவர். சந்து அழகாகும்; சந்தில் இருந்தவர்கள் இருக்கமாட்டார்கள். குடிசைக்காரரான டிக்கா குத்தகைதாரரை வில்லனாக்கவும் எனக்கு விருப்பமில்லை. மூன்று அறை வாடகையில் காலம் தள்ளும் விதவையும் ஒரு டிக்கா குத்தகைதாரர்தான். நிலம் சொந்தமில்லை என்பதால் வங்கி அவருக்குக் கடன் கொடுக்காது. கூரை மாற்றப் பணம் வேண்டுமென்றால் வாடகையை ஏற்றுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

இதே கதை அமெரிக்காவில் கறுப்பின மக்களின் நகரப் பகுதிகளில் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு அது தூரத்துச் சங்கதியாகத் தோன்றவில்லை. அங்கே 1930-களில் அரசு நிறுவனம் ஒன்றே நகரங்களின் வரைபடத்தில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. வங்கிக் கடன் கிடைக்காமல் வீடுகள் பழுதாயின. பழுதானதைக் காரணம் காட்டி நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் இடித்தார்கள். பிழைத்து நின்ற தெருக்களுக்கு நல்ல காலம் வந்தபோது வாடகை ஏறி, இருந்தவர்களே வெளியேற வேண்டிவந்தது.

பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரியில் டட்லி தெரு என்று ஓர் இடம். 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 1,300 காலிமனைகள் இருந்தன. வீடுகளுக்குத் தீ வைத்திருந்தார்கள். நகரத்துக் குப்பையைக் கள்ளத்தனமாக அங்கே வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1984-இல் ஓர் அறக்கட்டளையும் சில சமூக அமைப்புகளும் நல்லெண்ணத்தோடு புனரமைப்புத் திட்டம் போட்டன. அடுத்த ஆண்டு கூட்டம் கூட்டித் திட்டத்தைச் சொன்னபோது, நிர்வாகக் குழுவில் இந்தத் தெருக்காரர்கள் எத்தனை பேர் என்று மக்கள் எழுந்து கேட்டார்கள். குழுவையே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. குடியிருப்பவர்களே பெரும்பான்மை, கறுப்பினத்தவர், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், லத்தீன் அமெரிக்கர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினருக்கும் சம இடம் என்று முடிவாயிற்று. எண்ணிக்கையில் கூடியவர்களுக்குக் கூடிய இடம் என்று அவர்கள் வைக்கவில்லை. அவர்கள் முதலில் கையில் எடுத்தது பெரிய கட்டடத் திட்டம் எதையும் அல்ல. எங்கள்மேல் குப்பை கொட்டாதே என்ற இயக்கத்தைத்தான். அதில் வென்ற பிறகுதான் நிலத்துக்குப் போனார்கள். 1988-இல் காலிமனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகம் அந்த மக்கள் அமைப்புக்குக் கொடுத்தது. நிலத்தை ஒரு பொது டிரஸ்டின் பெயரில் நிரந்தரமாக வைத்து, அதன்மேல் கட்டிய வீட்டை மட்டும் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். விற்றாலும் விலை கட்டுக்குள்தான் இருக்கும். 200-க்கும் மேற்பட்ட வீடுகள் அப்படி எழுந்தன.

எங்களுக்கும் தொடக்கம் குப்பைதான். சந்தின் வாயில் மூன்று தெருக்களின் குப்பை வந்து விழும். அதை மாற்றக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான், யார் யார் இங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கே எந்த ஆவணமும் இல்லை என்று தெரிந்தது. பஸ்தி முழுவதற்கும் மாநகராட்சிக் கணக்கில் ஒரே கதவு எண். ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் எல்லோருக்கும் அதே முகவரி. தபால்காரர் கிளப்பில் கடிதங்களைக் கொட்டிவிட்டுப் போவார். எனவே நாங்கள் முதலில் செய்தது கதவுகளுக்கு எண் எழுதியது. குடிசைக்கு ஓர் எண் என்று வைத்தால் குடித்தனக்காரர்கள் காணாமல் போவார்கள். அறைக்கு ஓர் எண் வைத்தோம். பதிவேட்டில் முதல் பெயர் அந்த அறையில் சமைக்கும் பெண்ணின் பெயர். இது நான் நிபந்தனையாக வைத்தது. ரசீதில் பெயர் உள்ள கணவர் பல அறைகளில் இருப்பதே இல்லை. கேரளத்தில் கட்டட வேலையிலோ சூரத்தில் தறியிலோ இருப்பார், சிலர் திரும்பியே வராமல் போயிருப்பார்கள்.

எத்தனை வருடமாக இந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று தேடுவதுதான் கடினம். வாடகை ரசீது எழுதித் தரும் வழக்கமே இல்லை. மின்சார பில் குடிசைக்காரர் பெயரில் இருக்கும். உள் மீட்டரிலிருந்து அறைகளுக்கு ஒயர் போகும். குழந்தையைப் பள்ளியில் சேர்த்த சீட்டு, பிரசவத்துக்குப் போன மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை என்று தகரப் பெட்டிகளின் அடியிலிருந்து எடுத்து வருவார்கள். இதில் எனக்குப் பெரிய உதவி செய்தது போலியோ சொட்டு மருந்துக்காரர்கள். அவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கதவிலும் தேதியும் எண்ணும் சாக்கட்டியால் எழுதிவிட்டுப் போவார்கள். குழந்தை இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. வாடகைக்காரரா குடிசைக்காரரா என்று பார்ப்பதில்லை. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் இதே மாநிலத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட சிறுமி; அதன் பிறகு நாடே அந்த நோயிலிருந்து விடுபட்டதற்கு இப்படிக் கதவு கதவாகப் போனது முக்கியக் காரணம். அரசு மனம் வைத்தால் எல்லா அறைகளையும் எண்ண முடியும் என்பதற்கு அந்தச் சாக்கட்டிக் குறிகள் அத்தாட்சி. வார்டு அலுவலகத்தில் பேசும்போதெல்லாம் நான் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பதிவேட்டை எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதி அதை உரக்கப் படிப்பது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வேலைக்குப் போன பெண்கள் திரும்பிய பிறகு, குழாயடித் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு அறையாகப் படிப்போம். யார் வேண்டுமானாலும் மறுப்புச் சொல்லலாம். அண்ணன் தம்பி பாகம் பிரித்த அறையா, ஊரிலிருந்து தேர்வு எழுத வந்த மருமகனா, பூட்டிக் கிடக்கும் அறைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று வாக்குவாதம் மணிக்கணக்கில் நடக்கும். ஒரு முஸ்லிம் குடும்பம் இங்கே நிரந்தரம் இல்லை என்று ஒருவர் சொன்னார். குழாயடி மாஷி எழுந்தார். அந்த வீட்டு மூத்த பெண் பிறந்த இரவு மழை பெய்ததையும், ஆட்டோ கிடைக்காமல் ரிக்ஷாவில் கொண்டுபோனதையும், ரிக்ஷா இழுத்தவர் பெயரையும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருந்தது. தலைமை என்று நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்டால் இந்த நினைவாற்றலைத்தான் சொல்வேன். அதை யார் பக்கமும் சாயாமல் சபையில் வைக்கிற துணிச்சலைத்தான்.

கிளப் பையன்களை ஒதுக்கி வைத்து எதையும் செய்ய முடியாது, ஒதுக்கவும் கூடாது. கட்சி மாறும்போது கிளப்பும் மாறும். முன்பு சிவப்புக் கொடி, பிறகு வேறு கொடி. அரசு கிளப்களுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த அறைக்கு டைல்ஸ் வந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் நள்ளிரவில் யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் அவர்கள்தான். 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் டாகுரியாவில் ஒரு பெரிய மருத்துவமனை தீப்பிடித்தபோது முதலில் ஓடியவர்கள் அதை ஒட்டியிருந்த பஞ்சானன்தலா பஸ்திப் பையன்கள். மூங்கிலும் கயிறும் படுக்கை விரிப்பும் எடுத்துப் போய், கண்ணாடியை உடைத்து, புகைக்குள் நுழைந்து நோயாளிகளைச் சுமந்து இறக்கினார்கள். அப்படியும் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள். அந்தப் பையன்கள் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. அந்த வாரம் முழுவதும் எங்கள் பஸ்திப் பையன்கள் அதைப் பற்றியே பேசினார்கள். ஏணி யார் வீட்டில், நீளக் கயிறு எங்கே, எந்தச் சந்து வழியாகத் தீயணைப்பு வண்டி வரும் என்று அவர்களே எங்கள் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்கள். பெண்கள் கையில் முன்பக்கம், பையன்கள் கையில் பின்பக்கம் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து நிலைத்தது.

2020 எங்கள் பட்டியலைச் சோதித்த ஆண்டு. கொரோனா ஊரடங்கு வந்த மார்ச் மாதம் அடுக்குமாடிகள் வேலைக்காரப் பெண்களை வாசலிலேயே நிறுத்தின. பல வீடுகளில் சம்பளமும் நின்றது. மே 20-ஆம் தேதி அம்பான் புயல் வந்து தகரக் கூரைகளைப் பிடுங்கிப் போட்டது. மரங்கள் விழுந்து சந்து அடைத்துக் கிடந்தது. பொதுச் சமையல் தொடங்கியபோது யாருக்கு எத்தனை பேர் சோறு என்பதற்கு எங்களிடம் அறைவாரியான கணக்கு இருந்தது. ஒரு நாள்கூட அதில் தள்ளுமுள்ளு வரவில்லை. பிறகு வேறொன்று நடந்தது. கேனிங், லக்ஷ்மிகாந்தபூர் லோக்கல்களில் தினமும் விடியற்காலை பாலிகஞ்ச் ஸ்டேஷனில் வந்து இறங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் வர முடியவில்லை. புறநகர் ரயில் நவம்பர் 11 வரை ஓடவில்லை. அடுக்குமாடிகள் திறந்தபோது நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் பஸ்திப் பெண்கள் மட்டுமே. இந்த நிலத்தில் இவர்கள் இருப்பது தர்மத்துக்காக அல்ல, இந்த வட்டாரத்தின் வாழ்க்கையே இவர்கள் கையில் ஓடுகிறது என்பது அப்போது பலருக்கு உறைத்தது. எங்கள் பெண்கள் அந்தச் சமயத்தில் கூலியை ஏற்றிக் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ரயிலில் வரும் பெண்களின் வேலையை நாம் பறிக்கலாமா என்றும் அவர்களே கூடிப் பேசினார்கள். 2018-இல் மேற்கு வங்கத்தில் வீட்டுப் பணிப்பெண்களின் சங்கம் முதன்முறையாகத் தொழிற்சங்கமாகப் பதிவாகியிருந்தது. அதில் இருந்தவர்கள் இருபக்கப் பெண்களும்தான். ரயிலில் வரும் பெண்கள் பழைய வீடுகளுக்குத் திரும்பி வரும்போது இடம் விட்டுக் கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. பெரும்பாலும் அது காக்கப்பட்டது. இத்தனை வருடத்தில் என்னை நெகிழ வைத்தது எது என்று கேட்டால் இதைச் சொல்வேன்.

நிலத்துக்கு வருகிறேன். டட்லி தெருக்காரர்கள் எடுத்துக்கொண்ட பொது நில டிரஸ்ட் என்ற யோசனைக்கு மூலம் எது என்று தேடிப் போனபோது எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. அமெரிக்காவில் அதன் முன்னோடி 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்ட நியூ கம்யூனிட்டீஸ். வாக்குரிமைக்காகப் போராடியதால் நிலத்தை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கென்று சார்ல்ஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங், ராபர்ட் ஸ்வான் முதலியோர் திட்டமிட்டது அது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் அவர்களிடம் இருந்தது. கடனில் சிக்கி 1985-இல் இழந்தார்கள். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் பார்த்துக்கொண்ட முன்மாதிரிகளில் ஒன்று வினோபாவின் கிராமதானம். 1951-இல் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூமிதானம், தனித்தனியாகக் கொடுத்த நிலம் மறுபடியும் கடன்காரர் கைக்குப் போகிறது என்று கண்டு, நிலம் ஊருக்குப் பொது என்ற கிராமதானமாக மாறியது. தமிழ்நாட்டில் அதற்காக நடந்தவர்கள் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். கீழத்தஞ்சையில் தலித் பெண்கள் பெயரில் நிலம் பதிவாகப் பின்னாளில் லாஃப்டி என்ற அமைப்பின் வழியாக உழைத்தவர்களும் அவர்களே. இந்தியக் கிராமங்களில் விளைந்த விதை ஜார்ஜியா வழியாக பாஸ்டனுக்குப் போயிருக்கிறது. பாலிகஞ்சுக்கு மட்டும் அது வர முடியாது என்று நான் நினைக்கவில்லை.

2019-இல் டிக்கா சட்டத்தைத் திருத்தினார்கள். டிக்கா குத்தகைதாரர்கள் அரசிடமிருந்து நீண்டகாலக் குத்தகை பெற்றுப் பல மாடி கட்டலாம் என்று வழி பிறந்தது. நல்ல சட்டம்தான், ஓட்டுக் கூரையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்க வேண்டியதில்லை. வங்கிக் கடனுக்கும் வழி வரும். ஆனால் பாலிகஞ்சில் ஒரு கட்டா நிலத்தின் விலை என்ன என்று தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ப்ரமோட்டர்கள் சந்துக்குள் வர ஆரம்பித்தார்கள். குடிசைக்காரருக்கு ஒரு ஃப்ளாட், குடித்தனக்காரருக்குக் கையில் கொஞ்சம் பணம் என்று பேரம். அந்தப் பணத்தில் இந்த நகரத்தில் எங்கும் ஓர் அறை கிடைக்காது. சென்னையில் நதிக்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வீடு இருக்கிறது, வேலைக்குப் போக விடியற்காலை பஸ்ஸில் தொங்க வேண்டியிருக்கிறது. பல பெண்கள் பழைய வீடுகளின் வேலையை விட்டுவிட்டார்கள். 1971-இலேயே குடிசைப்பகுதிச் சட்டம் இயற்றி, இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டிய மாநிலம் அது. அந்தப் பழைய வழியை விட்டு விலகியிருக்கக் கூடாது.

எங்கள் பஸ்தியில் இப்போது நடக்கும் பேச்சு இதுதான். குடிசைக்காரர்கள் தனித்தனியாக ப்ரமோட்டரிடம் கையெழுத்துப் போடாமல், ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து குத்தகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டும் மாடியில் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு அறைக்கும் ஓர் அறையாவது ஒதுக்க வேண்டும். விற்பதானால் சங்கத்துக்குத்தான் விற்க வேண்டும். அதற்கு ஈடாகக் குடித்தனக்காரர்கள் கட்டுமானக் காலத்தில் வாடகையைச் சங்கத்தில் கட்டுவார்கள். குடிசைக்காரர்களில் பாதிக்கு மேல் இணங்கிவிட்டார்கள். மூன்று அறை விதவைதான் முதலில் கை தூக்கினார். என் கூரையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும், வரப்போகிறவர்களைத் தெரியாதே என்றார். மற்றவர்கள் தயங்குகிறார்கள், அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ப்ரமோட்டர் காட்டும் பணம் இன்றைக்கு வரும், சங்கத்தின் மாடி எப்போது எழும் என்று யாருக்குத் தெரியும்?

குழாயடி மாஷி இரண்டு குளிர்காலத்துக்கு முன் காலமானார். அவர் இடத்தில் இப்போது வரிசையைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய மருமகள், பி.ஏ. படித்தவர், காலையில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார், மாலையில் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுகிறார். கூட்டுறவுத் துறை கேட்ட படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆண் பெயரை எழுதச் சொல்கிறார்களாம். "மாத்ராஜி தீதி (மதராசி அக்கா), இதை ஒப்புக்கொள்ள மாட்டோம், கூட வாருங்கள்" என்று நேற்று தொலைபேசியில் சொன்னார். திங்கட்கிழமை இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போகிறோம்.